வாசகர் கேள்வி–பதில்: குளிர் ஊர்களில் குண்டு மல்லி

குண்டு மல்லியைக் குளிர் மிகுந்த ஊர்களில் வளர்ப்பது பற்றித் தொடர்ந்து கடிதங்கள் வருகின்றன. அவற்றுள் சிலவற்றுக்கு இந்த இதழில் விடை தருகிறோம்.

கேள்வி: கோடை முழுவதும் பால்கனியில் நன்றாகப் பூத்த குண்டு மல்லியை அக்டோபர் கடைசியில் வீட்டுக்குள் எடுத்து வைத்தேன். ஒரே மாதத்தில் இலைகள் பழுத்துக் கொட்டிவிட்டன. வாடிவிடக் கூடாதென்று தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன். சென்ற ஆண்டும் இப்படித்தான் ஒரு செடியை இழந்தேன். இதையாவது காப்பாற்ற முடியுமா? – ஒரு வாசகி, டொராண்டோ

பதில்: முடியும், அம்மா. ஆனால் தினமும் தண்ணீர் ஊற்றுவதை இன்றே நிறுத்த வேண்டும். குளிர் நாடுகளில் வீட்டுக்குள் வைத்த மல்லிச் செடிகள் குளிரால் சாவதைவிட, குளிர்ந்த தொட்டி மண்ணில் தேங்கும் ஈரத்தால் வேர் அழுகிச் சாவதே மிகுதி. செடி தண்ணீரை உறிஞ்சுவது பெரும்பாலும் இலை வழியே ஆவியாகும் அளவைப் பொறுத்தது. இலையும் உதிர்ந்து, வெயிலும் இல்லாத டிசம்பரில் நீங்கள் ஊற்றும் தண்ணீர் போக வழியின்றி வேரைச் சுற்றியே நிற்கிறது. வேருக்குக் காற்று கிடைக்காமல் போவதால் அது அழுகுகிறது, அழுகிய வேரால் நீரை மேலே அனுப்ப முடியாததால் செடி வாடுகிறது, அந்த வாட்டத்தைப் பார்த்து நாம் இன்னும் ஊற்றுகிறோம்.

முதலில் செடிக்கு உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். தண்டின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டினால் உள்ளே பச்சையாகவும் ஈரமாகவும் இருக்க வேண்டும். நுனியில் பழுப்பாக இருந்தால் கீழே இறங்கி இறங்கிச் சுரண்டிப் பாருங்கள். அடித்தண்டில் பச்சை இருந்தாலே போதும். பிறகு தொட்டியைச் சாய்த்து மண்கட்டியோடு செடியை வெளியே எடுங்கள். நல்ல வேர் வெளிறிய நிறத்தில் உறுதியாக இருக்கும். அழுகிய வேரை விரல்களுக்கிடையே பிடித்து இழுத்தால் மேல்தோல் வழுக்கிக் கழன்று, உள்ளே மெல்லிய நார் மட்டும் நிற்கும். அப்படிப்பட்டவற்றை வெட்டிவிட்டு, மிஞ்சிய வேருக்கு ஏற்ற சிறிய தொட்டியில், நீர் எளிதில் வடியும் புதிய மண் கலவையில் நடுங்கள். செடி சிறியதாகிவிட்டதே என்று தயங்க வேண்டாம். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் நெடுநாள் ஈரமாகவே கிடக்கும்.

இனி வசந்தம் வரையிலும் மேல்மண் இரண்டு அங்குல ஆழத்துக்குக் காய்ந்த பிறகே தண்ணீர் ஊற்றுங்கள். தொட்டியைத் தூக்கிப் பார்த்து அதன் எடை குறைந்திருக்கிறதா என்று அறிவது இன்னும் நம்பகமான வழி. அடித்தட்டில் நிற்கும் நீரை உடனே கொட்டிவிடுங்கள். உரம் பிப்ரவரி இறுதி வரை வேண்டவே வேண்டாம். தெற்கு நோக்கிய சன்னலை ஒட்டி, ஆனால் சூடேற்றும் கருவியின் காற்று நேரே படாத இடத்தில் வையுங்கள். உங்கள் ஊரில் டிசம்பர் பகல் சுமார் ஒன்பது மணி நேரமே என்பதால், செடி வளர்ப்புக்கென்றே விற்கும் எல்இடி விளக்கைத் தினமும் பன்னிரண்டு மணி நேரம் எரியவிட்டால் இலையுதிர்வு வெகுவாகக் குறையும். 10 முதல் 16 டிகிரி செல்சியஸ் வரை குளிர்ந்திருக்கும் வெளிச்சமான அறை ஒன்று இருந்தால், சூடான வரவேற்பறையைவிட அதுவே மல்லிக்கு உகந்தது.

சூடேற்றிய வீட்டின் வறண்ட காற்றில் செஞ்சிலந்திப் பேன் வேகமாகப் பெருகும். இலையை ஒரு வெள்ளைத் தாளின்மேல் வைத்துத் தட்டினால், விழும் தூசியில் சில புள்ளிகள் நகரும், அவைதாம் இவை. தொட்டி மண்ணைப் பிளாஸ்டிக் உறையால் மூடிக் கட்டிவிட்டு, வாரம் ஒரு முறை குளியலறையில் இலைகளின் அடிப்புறம் நனையும்படி நீரைப் பீய்ச்சுங்கள். மண் நனையக் கூடாது என்பதற்காகவே அந்த உறை.

அடுத்த ஆண்டு அக்டோபர் கடைசி வரை காத்திராதீர்கள். இரவு வெப்பம் 10 டிகிரியை நெருங்கத் தொடங்கும்போதே, அதாவது பெரும்பாலும் செப்டம்பர் பிற்பகுதியிலேயே, உள்ளே எடுத்துவிட வேண்டும். வெளியே வைப்பதற்கும் இதுவே அளவு: மே மாதத்தில் உறைபனி நின்றுவிட்டாலும், இரவு 10 டிகிரிக்குக் கீழே போகாத நாள்கள் வரும் வரை பொறுத்திருந்து, முதல் பத்து நாள் நிழலில் வைத்துப் பிறகு வெயிலுக்குப் பழக்குங்கள்.

கேள்வி: தரையில் நட்ட மல்லியின் நுனிக் கிளைகள் ஜனவரிப் பனியில் கறுத்துவிட்டன. வெட்டிவிடலாமா? – ஒரு வாசகர், உதகமண்டலம்

பதில்: இப்போது வெட்டாதீர்கள். வெட்டினால் செடி தளிர்விட முயலும், அந்த இளந்தளிர் அடுத்த பனியில் முதலில் கருகும். கருகிய நுனி அருவருப்பாகத் தெரிந்தாலும், கீழுள்ள உயிருள்ள கிளைக்கு அதுவே ஓரளவு போர்வை. பிப்ரவரி கடந்து உறைபனி ஓய்ந்தபின், பச்சை தெரியத் தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே வெட்டலாம்.

சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உங்கள் ஊரில், காற்றில்லாத, மேகமில்லாத இரவுகளில் தரையின் வெப்பம் முழுவதும் வானுக்குப் போய்விடுகிறது. குளிர்ந்து கனத்த காற்று சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தங்குகிறது. ஆகையால் ஒரே தெருவில் மேல்வீட்டுச் செடி தப்பிக் கீழ்வீட்டுச் செடி கருகுவதைக் காணலாம். செடியை மேட்டில், பகல் வெயிலை வாங்கிவைக்கும் கல் சுவரின் மேற்குப் பக்கத்தில் வைப்பது நல்லது. கிழக்குப் பக்கத்தில் அதிகாலை வெயில் உறைந்த இலையில் நேரே பட்டு அதை விரைவாக உருக்குவதால் சேதம் கூடும். உங்கள் ஊர்த் தாவரவியல் பூங்காவில் நாற்றுகளை மிலார் என்னும் செடியின் கொத்துகளால் மூடிக் காப்பதைப் பார்த்திருப்பீர்கள். வீட்டில் சாக்கையோ பழைய வேட்டியையோ நான்கு குச்சிகளின்மேல், இலையைத் தொடாதவாறு, தரை வரை தொங்கும்படி மாலையிலேயே போர்த்தி, காலையில் எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் தாள் இலையில் ஒட்டினால் அந்த இடமே கருகும். தரையில் நட்ட செடிக்கு நண்பகலில் அளவாகத் தண்ணீர் விடலாம். ஈரமண் பகல் வெப்பத்தைப் பிடித்துவைத்து இரவில் மெல்ல வெளிவிடும். தொட்டிக்கு இது பொருந்தாது. உங்களுக்கு என் உறுதியான ஆலோசனை, மல்லியைத் தொட்டிக்கு மாற்றி, டிசம்பர், ஜனவரி இரவுகளில் தாழ்வாரத்தில் வைப்பதுதான்.

கேள்வி: செடி பச்சைப்பசேலென்று ஐந்தடி உயரம் வளர்ந்திருக்கிறது. பூ மட்டும் இல்லை. – ஒரு வாசகி, மெல்பர்ன்

பதில்: மல்லி பூப்பது புதுத்தளிரின் நுனியில். பழைய நீண்ட கொடிகளை அப்படியே விட்டால் செடி இலையை மட்டுமே வளர்க்கும். தமிழகத் தோட்டங்களில் நவம்பர் கடைசி வாரத்தில் அரை மீட்டர் உயரத்துக்குக் கவாத்து செய்து, மார்ச்சிலிருந்து பூப் பறிக்கிறார்கள். உங்கள் பருவம் தலைகீழ் என்பதால் ஆகஸ்ட் இறுதியிலோ செப்டம்பரிலோ, பனி அபாயம் நீங்கியதும் வெட்டுங்கள். பாதி உயரத்துக்கு வெட்டினாலும் அஞ்ச வேண்டியதில்லை.

அதன்பின் வரும் ஒவ்வொரு தளிரின் நுனியிலும் பெரும்பாலும் மூன்று மொட்டுகள் தோன்றி, நடுமொட்டு முதலில் மலரும். மூன்றும் உதிர்ந்ததும் அதற்குக் கீழே எதிரெதிராக இருக்கும் ஓர் இணை இலைக்கு மேலே கிள்ளிவிடுங்கள். அந்த இரண்டு இலைகளின் அடியிலிருந்தும் இரண்டு தளிர்கள் வரும், இரண்டிலும் மொட்டு வரும். இந்தக் கிள்ளுதலைத் தவறாமல் செய்பவர் வீட்டுச் செடி கோடை முழுவதும் பூக்கிறது. தழைச்சத்து மிகுந்த புல்தரை உரம் செடிக்குப் போகிறதா என்றும் பாருங்கள். அதை நிறுத்தி, சாம்பல் சத்து கூடிய உரம் இடுங்கள். நாளொன்றுக்கு ஆறு மணி நேர நேர்வெயில் வேண்டும். உங்கள் நாட்டில் வெயில் வாங்குவது வடக்குச் சுவர் என்பதை ஊரிலிருந்து ஆலோசனை சொல்லும் உறவினர்கள் மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: நரம்பு பச்சையாகவும் மற்ற இடம் மஞ்சளாகவும் இளம் இலைகள் வருகின்றன. – ஒரு வாசகர், லண்டன்

பதில்: இரும்புச்சத்துக் குறைபாடு. உங்கள் குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு மிகுதி; அது மண்ணின் காரத்தன்மையைக் கூட்டி, இருக்கும் இரும்பையும் செடி எடுக்கவிடாமல் செய்கிறது. மழைநீரைச் சேமித்து ஊற்றுங்கள். வளரும் பருவத்தில் செடி எளிதில் எடுத்துக்கொள்ளும் கீலேட் வடிவ இரும்பு உரத்தை உறையில் குறிப்பிட்ட அளவில் கொடுங்கள்.

கேள்வி: மதுரையிலிருந்து ஒரு பதியனைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவரலாமா? – டொராண்டோவிலிருந்து மற்றொரு வாசகர்

பதில்: கூடாது. இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் இன்றிச் செடியைக் கொண்டுவருவது சட்டப்படி குற்றம். ஊர் மண்ணோடு நூற்புழுவும் வேரழுகல் பூஞ்சையும் உடன்வரும். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியும், உங்கள் ஊர் நாற்றங்கால்களில் ‘அரேபியன் ஜாஸ்மின்’ என்று விற்பதும் ஒரே இனம். ‘மெய்ட் ஆஃப் ஆர்லியன்ஸ்’ என்ற வகையைக் கேட்டு வாங்குங்கள். விரைவாக வளர்ந்து நிறையப் பூக்கும். அடுக்கு மல்லி வேண்டுமானால் ‘கிராண்ட் டியூக் ஆஃப் டஸ்கனி’ கிடைக்கும், ஆனால் அது மெதுவாக வளர்வது. கோடைத் தொடக்கத்தில் வாங்கினால் குளிருக்கு முன் வேரூன்ற அவகாசம் இருக்கும்.