கோலாலம்பூரில் கோரஸ் பாடிக்கொண்டே பாட்டெழுதிப் பிழைக்க முடியுமா?

மேடையிலும் ஸ்டூடியோவிலும் கோரஸ் பாடுகிறேன், சொந்தமாகப் பாட்டும் எழுதுகிறேன், இதையே தொழிலாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வைத்துக்கொள்ளலாம், கோரஸ் வருமானத்தை மட்டும் நம்பாமல் இருந்தால்.

இங்கே தமிழ்ப் பாட்டுச் சந்தை சின்னது. சனி ஞாயிறு கல்யாண டின்னர், நடுநடுவே கோவில் திருவிழா மேடை, தீபாவளி நெருங்கினால் ஸ்டூடியோ வேலை. மற்ற நாட்களில் போன் அடிக்காது. என்னோடு பாடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பகலில் வேறு வேலைக்குப் போகிறவர்கள். நான் பாட்டு வகுப்பு எடுக்கிறேன். மலாய்ப் பாட்டுக்குக் கூப்பிட்டால் யோசிக்காமல் போங்கள். பினாங்கு சகோதரர்கள் லோகநாதனும் டேவிட் ஆறுமுகமும் ஆலிகேட்ஸ் குழுவாக நாடு முழுக்கப் பெயர் வாங்கியது மலாய்ப் பாட்டில்தான்.

'சும்மா ஆ, ஊ போடுற வேலைதானே' என்பவர்கள் ஒரு நாள் ஹெட்போனை மாட்டிப் பார்க்க வேண்டும். ஒரு காதை மூடி மறு காதைத் திறந்து வைத்துக்கொள்வோம். இல்லாவிட்டால் நம் சுருதி நமக்கே பிடிபடாது. ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாட வைத்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவார்கள். எல்லா டேக்கிலும் மூச்சு வாங்கும் இடம் ஒன்றாக இருக்க வேண்டும். 'காற்று' என்று வரி முடிந்தால் 'ற்று'வை முன்னால் பாடுகிறவர் மட்டும் அழுத்துவார். நாங்கள் 'கா'வை நீட்டிவிட்டு மீதியை மழுப்பிவிடுவோம். எல்லோரும் அழுத்தினால் மிக்ஸில் பட்டாசு மாதிரி பொரியும். யாராவது ஒருவர் குரல் தனியாகத் தெரிந்தால், 'யாருப்பா அது முட்டிக்கிட்டு நிக்கிறது?' என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் வரும்.

நான் எழுதக் கற்றுக்கொண்டதும் அங்கேதான். உச்சத்தில் எந்தச் சொல் அடைக்கும், எது தாராளமாகத் திறக்கும் என்பது தொண்டைக்கே தெரிந்துவிடுகிறது. மேல் ஸ்தாயியில் குற்றியலுகரத்தை ('காற்று' முடிகிற மாதிரி குறுகிய 'உ') வைத்த கவிஞர்களை மனசுக்குள் திட்டிக்கொண்டே பாடியிருக்கிறோம்.

அப்புறம் பணம். கோரஸுக்குப் பெரும்பாலும் பாட்டுக்கு இவ்வளவு வெள்ளி (ரிங்கிட்) என்று பேசுவார்கள், அன்றோடு கணக்கு முடிந்தது. எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் அப்படியில்லை. நம் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி அவர்கள் வாழும் காலம் முழுக்கவும், இறந்த பிறகு 50 ஆண்டுகளும் உரிமை நிற்கும். வானொலி, தொலைக்காட்சி, கச்சேரி என்று பாட்டு ஒலிக்கும் இடங்களிலிருந்து உரிமத் தொகையை வசூலித்துப் பிரித்துக் கொடுக்க 1989இல் தொடங்கிய எம்ஏசிபி (MACP) என்ற பாட்டுப் படைப்பாளர் அமைப்பு இருக்கிறது. உறுப்பினராகி, பாட்டையும் அங்கே பதிந்து வையுங்கள். எனக்கு முதலில் வந்த தொகை ஒரு தட்டு நாசி கண்டார் சோற்றுக்குத்தான் ஆனது, ஆனால் பாட்டு ஒலிக்கிற வரை வரும். டிவி3 நடத்தும் ஜுவாரா லாகு பாட்டுப் போட்டியில்கூட முதல் பரிசு பாட்டை உருவாக்கியவர்களுக்குத்தான், பாடியவருக்கு அல்ல.

அமெரிக்கப் பாடகர் லூதர் வாண்ட்ராஸ் கதை தெரிந்திருக்கும். 1974இல் பிரிட்டிஷ் பாடகர் டேவிட் போவியின் பதிவில் கோரஸ் பாடியவர். அவர் கையிலிருந்த ஒரு பாட்டை போவி மாற்றி எழுதித் தன் ஆல்பத்தில் சேர்த்தார். அடுத்த ஆண்டு ஆல்பம் வந்தபோது அந்தப் பாட்டுக்கு இருவர் பெயரும் இருந்தது.

நம் ஊரில் அப்படித் தானாக நடக்கும் என்று காத்திருக்க வேண்டாம். 'இங்க ஒரு ஹம்மிங் போட்டா நல்லாருக்குமே' என்று நீங்கள் கொடுக்கும் நாலு ஸ்வரம்தான் கடைசியில் ஊரே முணுமுணுக்கும் இடமாகிவிடும். சட்டத்துக்கு வாய்ப்பேச்சு போதாது, எழுத்திலோ ஒலிப்பதிவிலோ இருக்க வேண்டும். அதனால் போனில் பதிந்துகொள்ளுங்கள். பங்கை அன்றே பேசிவிடுங்கள். அண்ணன் தம்பியாகப் பழகிவிட்டு எப்படிக் கேட்பது என்று கூச்சமாகத்தான் இருக்கும். நான் ஸ்டூடியோவை விட்டுக் கிளம்பும் முன்னே வாட்ஸ்அப்பில், 'அண்ணே, அந்த ரெண்டு வரி நம்மது, எத்தனை சதவீதம் போடலாம்?' என்று அனுப்பிவிடுகிறேன். முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால் அடுத்த தீபாவளிக்கும் அவர்கள்தான் கூப்பிடுகிறார்கள்.