உடைந்த மங்குக் கிண்ணத்துக்கு மாதம் 3,000 ரூபாயா?

கேள்வி: சார், எனக்கு 19 வயது. கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடு ஒன்றை ஹோட்டலாக்கி நடத்துகிறார்கள். அங்கே பரிமாறும் வேலை, சம்பளம் 11,000. மார்கழியில் வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) பரிமாறும்போது மூடி போட்ட மங்குக் (பீங்கான்) கிண்ணம் ஒன்று கைதவறி உடைந்துவிட்டது. 18,000 ரூபாய்ச் சாமான் என்று சொல்லி மாதம் 3,000 பிடிக்கிறார்கள். 10 நிமிடம் தாமதமானால் 200. போன மாதம் அப்படி எட்டு தடவை. யூனிஃபார்முக்கு 1,500. கடைசியில் கைக்கு வந்தது 4,900. எந்த நஷ்டத்தையும் ஏற்கிறேன் என்று சேரும்போதே கையெழுத்து வாங்கிவிட்டார்கள். பிளஸ் டூ மார்க் ஷீட்டும் அவர்களிடம்தான். லீவு நாளில் தட்டுக் கழுவ வரும் என் சித்தி மகனுக்கு 14 வயது. அவனுக்கும் அபராதம் போடுகிறார்கள். வேலையை விட்டுவிடலாமா?

பதில்: விடுவதும் இருப்பதும் உங்கள் விருப்பம் அம்மா. ஆனால் பணத்தை விட்டுவிட்டு வர வேண்டாம்.

முதலில் அந்தக் கையெழுத்து. உங்கள் கடிதத்தில் அதிகம் பயப்படுவது அதற்குத்தான் என்று தெரிகிறது. பயமே வேண்டாம். சம்பள விஷயத்தில் சட்டம் தரும் உரிமையை விட்டுக்கொடுப்பதாகத் தொழிலாளி எழுதிக் கொடுக்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது. 1936-ம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டமே இதைச் சொன்னது. அதன் இடத்துக்கு வந்து, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கும் ஊதியத் தொகுப்புச் சட்டம், 2019-ம் இதையே சொல்கிறது. அந்தக் காலத்தில் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்க, அதாவது வியாபாரத்துக்கு, ஆளாகப் போனவர்கள் முதலாளியிடம் சம்பளச் சீட்டு என்ற வேலை ஒப்பந்தம் எழுதித்தான் போனார்கள். எழுதினால் எழுதியதுதான் என்ற எண்ணம் நம் ஊரில் இன்னும் போகவில்லை. சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை.

இப்போது கிண்ணம். உடைந்த பொருளுக்குச் சம்பளத்தில் கை வைக்க வேண்டுமானால், அந்தப் பொருள் பாதுகாப்புக்கென்று வெளிப்படையாக உங்களிடம் ஒப்படைக்கப்பட்டதாக இருக்க வேண்டும். அது உடைந்தது நேரடியாக உங்கள் கவனக்குறைவால்தான் என்றும் ஆக வேண்டும். நீங்கள் ஸ்டோர் ரூம் சாவியை வைத்திருப்பவர் என்றால் கதை வேறு. பந்தியில் பரிமாறத் தூக்கிப்போன பாத்திரத்தை உங்கள் காவலில் ஒப்படைத்த பொருள் என்று சொல்வது கஷ்டம் என்பது என் கருத்து. உங்கள் மனுவை விசாரிக்கும் அதிகாரி வேறு மாதிரி நினைக்கலாம். அப்போதும் உங்களிடம் விளக்கம் கேட்காமல் ஒரு ரூபாய்கூடப் பிடித்திருக்கக் கூடாது. பிடிப்பது உண்மையான நஷ்டத்தைத் தாண்டவும் கூடாது. 18,000 என்று யார் மதிப்புப் போட்டது? மேனேஜர் வாயால் சொன்ன விலை கணக்காகாது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் நாலு பழம்பொருள் கடை ஏறி இறங்கினால் இதே மாதிரிக் கிண்ணத்துக்கு நாலு விலை சொல்வார்கள்.

தாமதத்துக்குப் போட்ட 200-ஐப் பார்க்கும்போது எனக்குக் கோபமே வந்தது. வேலைக்கு வராத நேரத்துக்கு அந்த நேரத்தின் சம்பளத்தைத்தான் கழிக்கலாம். எட்டு தடவைக்கு 80 நிமிடம். எட்டு மணி நேர வேலை என்றால், எப்படிக் கணக்குப் போட்டாலும் 75 ரூபாயைத் தாண்டாது. பிடித்ததோ 1,600. இது கழிவு இல்லை, அபராதம் என்று அவர்கள் சொன்னால், எந்தத் தவறுக்கு அபராதம் என்பதற்கு அரசின் ஒப்புதல் பெற்று, அதை வேலை செய்யும் இடத்தில் அறிவிப்பாக வைத்திருக்க வேண்டும். உங்களிடம் விளக்கமும் கேட்டிருக்க வேண்டும். அத்தனையும் செய்திருந்தாலும் ஒரு மாதத்தின் மொத்த அபராதம் சம்பளத்தில் 3 சதவீதம், உங்களுக்கு 330 ரூபாய், அதற்கு மேல் போகக் கூடாது. அந்தப் பணமும் பதிவேட்டில் ஏறி, தொழிலாளர் நன்மைக்கே செலவாக வேண்டும். முதலாளி பெட்டிக்குப் போகக் கூடாது.

யூனிஃபார்ம் என்று பிடித்தம் எதுவும் சட்டத்தின் பட்டியலில் இல்லை. வசதி செய்து கொடுத்தோம் என்று பிடிப்பதானால் அதற்கு அரசு ஆணை வேண்டும். எல்லாம் சேர்த்தும் பிடித்தம் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. உங்களுக்குப் பாதி 5,500, பிடித்தது 6,100.

தம்பி விஷயம் சுருக்கமானது. 15 வயது நிறையாத யாருக்கும் அபராதமே போட முடியாது. போட்டதைத் திருப்பித் தர வேண்டும். 14 நிறைந்துவிட்டதா என்று பிறப்புச் சான்றிதழைப் பாருங்கள். நிறையாவிட்டால் அவனை வேலைக்கு வைத்ததே குற்றம்.

சரி, என்ன செய்வது? எந்த மாதம் எதற்கு எவ்வளவு பிடித்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். சம்பளம் வங்கிக்கு வந்தால் ஸ்டேட்மென்ட் எடுங்கள். பிடித்த விவரத்தை மேனேஜரிடம் வாட்ஸ்அப்பில் மரியாதையாகக் கேளுங்கள். பதில் வராவிட்டாலும் நீங்கள் கேட்டது பதிவாக நிற்கும். சம்பள விவரச் சீட்டு (பே ஸ்லிப்) தருவது அவர்கள் கடமை. அப்புறம் ஒரு மனு எழுதி சிவகங்கையில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில் கொடுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் ஒரு பிரதி கொடுக்கலாம். கோரிக்கை மனுவுக்கு மூன்று ஆண்டு வரை அவகாசம் உண்டு. சட்டத்துக்குப் புறம்பாகப் பிடித்தது என்று முடிவானால், அந்தத் தொகையோடு அதன் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்கலாம். சம்பளத்தைச் சரியாகக் கொடுத்தோம் என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. பேரேடு அவரிடம்தானே இருக்கிறது! ஹோட்டல் தொழிலுக்குத் தனியாகக் குறைந்தபட்ச ஊதியம் உண்டு. உங்கள் 11,000 அதற்குக் குறைவா என்பதையும் மனுவிலேயே கேட்டுவிடுங்கள்.

பெண் என்பதால் வருமானக் கணக்கு பார்க்காமல் உங்களுக்கு இலவச வழக்கறிஞர் கிடைப்பார். காரைக்குடி நீதிமன்றத்தில் வட்ட சட்டப் பணிகள் குழுவைக் கேளுங்கள், அல்லது 15100-க்குப் போன் செய்யுங்கள்.

வேலையை விடுவதானால் ராஜினாமாவை எழுத்தில் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். இரண்டு வேலை நாளுக்குள் பாக்கிச் சம்பளம் தந்தாக வேண்டும். மார்க் ஷீட்டை அதே கடிதத்திலேயே கேளுங்கள். அது அடகு வைக்கிற நகை இல்லை, பாக்கி இருக்கிறது என்று பிடித்துவைக்க முதலாளிக்கு உரிமை கிடையாது. ஒரு வாரத்தில் தராவிட்டால் அந்தக் கடித நகலோடு போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்து, மனு ரசீதை வாங்கி வையுங்கள்.