சால்டரிங் வேலைக்கா டிப்ளமோ படித்தான்?

அன்புள்ள அம்மா,

உங்கள் மகன் இ.சி.இ. டிப்ளமோ முடித்திருக்கிறான். ஒரகடம் பக்கம் கார்களுக்கு எலெக்ட்ரானிக் போர்டு செய்யும் கம்பெனியில் டிரெய்னி வேலை, பிரிவு செலக்டிவ் சால்டரிங். "இதை ரேடியோ ரிப்பேர் கடைப் பையனே செய்வானே, இதற்கா மூன்று வருஷம் படிக்க வைத்தோம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். பேசாமல் லேட்டரல் என்ட்ரியில் பி.இ. சேர்த்துவிடலாமா என்றும் கேட்கிறீர்கள். முதல் கேள்வியைத்தான் விரிவாகப் பேசப்போகிறேன். அது தெளிந்தால் அடுத்ததை முடிவு செய்வது சுலபம்.

இன்றைய போர்டில் பெரும்பாலான பாகங்கள் கடுகளவு சின்னவை. அவற்றை மெஷின் ஒட்டி, அடுப்புக்குள் அனுப்பிச் சூடாக்கிவிடும். ஆனால் கனெக்டர், ரிலே, டிரான்ஸ்ஃபார்மர் போன்ற பெரிய பாகங்களின் பின்கள் போர்டைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் வருகின்றன. முன்பெல்லாம் போர்டின் அடிப்பக்கம் முழுவதையும் உருகிய சால்டர் (பாகங்களைப் போர்டோடு இணைக்கும் உலோகக் கலவை) அலை மேல் ஓட்டிவிடுவார்கள். இப்போது அடிப்பக்கத்திலும் சின்னப் பாகங்கள் நிறைந்திருப்பதால் அது பல போர்டுகளுக்குச் சரிப்படாது. அதனால் சின்ன நாசில் (குழாய் முனை) வழியாகச் சால்டரைக் குமிழியாக எழுப்பி, வேண்டிய பின்னை மட்டும் நனைக்கிறார்கள். செலக்டிவ் சால்டரிங் என்பது இதுதான். ஃபிளக்ஸ் (உலோகத்தைச் சுத்தம் செய்து சால்டர் ஒட்ட உதவும் திரவம்) தெளிப்பது, முன்சூடு கொடுப்பது, சால்டர் வைப்பது என்று மூன்று கட்டம். கேட்க எளிதாகத்தான் இருக்கும்.

சிக்கல் பின்னில் இருக்கிறது. மின்சாரம் திரும்பும் வழியான கிரவுண்ட் பின் போர்டுக்குள் பல அடுக்குச் செம்புத் தகடுகளோடு இணைந்திருக்கும். கொடுக்கிற சூட்டையெல்லாம் அந்தச் செம்பு இழுத்துக்கொள்ளும். அடிகனமான பித்தளை அண்டாவை மெழுகுவர்த்தியில் காய்ச்சுவது போலத்தான். சால்டர் துளைக்குள் பாதி ஏறுவதற்குள் உறைந்துவிடும். எலெக்ட்ரானிக்ஸ் தொழில் முழுக்கப் பின்பற்றும் ஐ.பி.சி. தர விதிப்படி பொதுவாகத் துளையில் 75 சதவீதமாவது நிரம்பியிருக்க வேண்டும். சரி, சூட்டைக் கூட்டலாமே, நாசிலை இன்னும் சில விநாடி நிறுத்தலாமே என்று தோன்றும். அப்படிச் செய்தால் ஃபிளக்ஸ் கருகும். துளையின் உட்சுவரில் இருக்கும் மெல்லிய செம்பே சால்டரில் கரையத் தொடங்கும். வெளியில் பார்த்தால் பளபளவென்று நன்றாக இருக்கும், சில வருஷம் கழித்து வண்டி குலுங்கும்போது விட்டுப்போகும். கனெக்டரின் உடல் மேல்பக்கத்தை மறைத்துவிட்டால் துளை நிரம்பியதா என்று கண்ணால் பார்க்கவும் முடியாது. எக்ஸ்ரே எடுக்க வேண்டும், அல்லது ஒரு போர்டை அறுத்துப் பார்க்க வேண்டும்.

ஈயமில்லாத சால்டர் இதை இன்னும் கடினமாக்கியது. மின்சாதனங்களில் ஈயம் போன்ற நச்சுப் பொருட்களைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ரோஸ் (RoHS) விதி 2006 ஜூலையில் அமலுக்கு வந்தபின் தொழிலின் பெரும்பகுதி அதற்கு மாறிவிட்டது. பழைய ஈயச் சால்டர் 183 டிகிரியில் உருகும். இப்போது பரவலாகப் பயன்படும் தகரம்–வெள்ளி–செம்புக் கலவைக்குச் சுமார் 217 டிகிரி வேண்டும். செலக்டிவ் மெஷினின் தொட்டியை 300 டிகிரியை ஒட்டி வைப்பது சாதாரணம்.

இதோடு முடியவில்லை. காலை ஷிஃப்டில் ஒழுங்காக ஓடிய அதே புரோகிராம், இரவில் பக்கத்துப் பின்களைச் சேர்த்து ஒட்டி ஷார்ட் ஆக்கும். நாசில் தேய்ந்திருக்கலாம், சால்டரைச் சுற்றி விடும் நைட்ரஜன் வாயுவின் தூய்மை குறைந்து கசடு சேர்ந்திருக்கலாம், பின் நீளம் மாறிய புது லாட் வந்திருக்கலாம். இன்னொரு குறை உடனே தெரியவே தெரியாது. ஃபிளக்ஸ் தெளிக்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் பரவி, சூடு படாமல் அப்படியே தங்கிவிட்டால், பிறகு ஈரம் பட்டு அங்கே மின்கசிவும் அரிப்பும் வரும். சில குறைகளுக்கு மருந்து மெஷினிலேயே இல்லை. பின்னை ஒட்டிச் சின்னப் பாகத்தை வைத்த டிசைனரிடம் போய், "மூன்று மில்லிமீட்டராவது இடம் விடுங்கள், கிரவுண்ட் இணைப்பைக் குறுக்குங்கள்" என்று வாதாட வேண்டும். அந்த வாதத்தை ஆதாரத்தோடு வைக்கத் தெரிந்தவரைத்தான் பிராசஸ் இன்ஜினியர் என்கிறார்கள். ரிப்பேர் கடையில் இந்த வேலை கிடையாது அம்மா.

ஆனால் உங்கள் பயத்தில் நியாயமும் இருக்கிறது. அதே மெஷின் பக்கத்தில் போர்டை வைத்து எடுப்பது மட்டுமே வேலையாகப் பல வருஷம் நிற்பவர்களும் உண்டு. 2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை உற்பத்தியை நிறுத்தியதை நம் பக்கம் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் வேலையை இழந்தார்கள். பட்டன் அழுத்த மட்டும் தெரிந்தவருக்கு அப்படிப்பட்ட நேரத்தில் கையில் எதுவும் மிஞ்சாது. ஒரு குறையின் காரணத்தைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்கு ஓசூரோ கோவையோ பெங்களூரோ, இடம் மாறுவது அவ்வளவு கடினமில்லை.

ஆகவே ஆஃபரை ஏற்கும் முன் பையனையே எச்.ஆரிடம் கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் போன் செய்ய வேண்டாம், அது அவனுக்கு நல்லதல்ல. கம்பெனி ரோலிலா, அப்ரன்டிஸா, கான்ட்ராக்டர் மூலமா? புரோகிராம் எழுதுவது யார், டிரெய்னிக்கு அதைத் தொட விடுவார்களா? எக்ஸ்ரே, போர்டு அறுத்துப் பார்க்கும் லேப் உள்ளேயே இருக்கிறதா? ஐ.பி.சி. சான்றிதழ்ப் பயிற்சிக்கு அனுப்புவார்களா? இரண்டாவது கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் நான் யோசிப்பேன். முதலாவதற்கு 'கான்ட்ராக்டர்' என்று வந்தால் பி.இ.யே மேல்.

புகையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஃபிளக்ஸ் புகை சிலருக்கு ஆஸ்துமாவைக் கிளப்பும், இது உண்மை. மெஷின் மூடியிருந்து எக்ஸாஸ்ட் ஒழுங்காக ஓடினால் பெரிய கவலை இல்லை. கையால் ரீவொர்க் (குறையைத் திருத்தும் வேலை) செய்யும் மேஜைகளில்தான் கவனம் வேண்டும். அவனுக்குச் சின்ன வயதில் வீசிங் இருந்ததா? இருந்தால் முதலில் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

பி.இ. எங்கும் ஓடிப்போகாது. டிப்ளமோ முடித்தவர்களுக்கு நேரடி இரண்டாம் ஆண்டுச் சேர்க்கை வருஷாவருஷம் நடக்கிறது. வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் பகுதிநேர பி.இ.யும் சில கல்லூரிகளில் உண்டு. பதில்கள் நல்லபடியாக வந்தால் ஒரு வருஷம் போய்வரட்டும் என்பது என் கருத்து. எச்.ஆர். சொன்னதை அவன் கைப்பட எழுதி அனுப்பச் சொல்லுங்கள், பார்த்துவிட்டு மேற்கொண்டு பேசுவோம்.