'மிக அரிது' என்று விற்கப்படும் கற்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கனிமப் படிகங்களைச் சேகரிக்கத் தொடங்கி ஓராண்டு ஆகிறது. விற்பவர்கள் எல்லோரும் 'மிக அரிது, முதல் தரம்' என்றே சொல்கிறார்கள். தரத்தை நானே எடைபோடுவது எப்படி?

பதில்: அரிதாக இருப்பதும் தரமாக இருப்பதும் வெவ்வேறு செய்திகள், விற்பவர் சேர்த்தே சொல்வதால்தான் அவை ஒன்றுபோலத் தோன்றுகின்றன. குவார்ட்ஸும் கால்சைட்டும் உலகெங்கும் கிடைப்பவை. ஆனாலும் எல்லா நுனிகளும் முழுமையாக, தாய்ப்பாறையின் மீது அமைந்தபடியே வெளிவந்த கால்சைட் தொகுதி எளிதில் அகப்படுவதில்லை. ஓரிரு இடங்களில் மட்டுமே காணப்படும் கனிமங்களில் பலவோ பாறையில் படிந்த மங்கலான தூளாகவே இருக்கின்றன. அவை ஆய்வாளருக்குப் பொக்கிஷம், அலமாரியில் வைத்துப் பார்த்து மகிழ நினைப்பவருக்கு ஏமாற்றம்.

முதலில் நுனிகளையும் விளிம்புகளையும் பாருங்கள். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸும் ஒரே ஒரு விளக்கும் போதும். பல பக்கங்களிலிருந்து ஒளி விழுந்தால் குறைகள் மறைந்துவிடும். கல்லை மெதுவாகத் திருப்பும்போது, கனசதுர வடிவப் புளோரைட்டின் மூலையில் சிறு முக்கோணத் தட்டைப்பரப்பு ஒன்று திடீரென மின்னினால், அந்த மூலை பெயர்ந்திருக்கிறதோ என்று ஐயுறலாம். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் 4 என்ற கடினத்தன்மையே உடைய புளோரைட், நான்கு திசைகளில் நேர்த்தியாகப் பிளவுபடக்கூடியது. குவார்ட்ஸில் அத்தகைய தெளிவான பிளவுத் தளம் இல்லாததால், உடைந்த இடம் சிப்பியின் உட்புறம்போல வளைந்து தெரியும். பக்கத்துப் படிகம் முட்டியதால் வளர்ச்சி தடைப்பட்ட இடத்தை உடைசலோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது பெரும்பாலும் பளபளப்புக் குறைந்து, வளர்ச்சி வரிகளோடு காணப்படும், அதை நான் பெரிய குறையாக எண்ணுவதுமில்லை. நடுநாயகமாக நிற்கும் படிகத்தின் நுனி உடைந்திருந்தால் மதிப்பு வெகுவாகச் சரியும். பின்புறச் சிராய்ப்பு அவ்வளவு பாதிக்காது. நிறம், பளபளப்பு, ஒளி ஊடுருவும் தன்மை ஆகியவற்றை அதன்பிறகு பார்க்கலாம். அளவைக் கடைசியில்தான் வைப்பேன்.

கேள்வி: ஒட்டிய கல்லையும் நிறம் மாற்றிய கல்லையும் கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: பெரும்பாலும் முடியும். இருட்டில் புற ஊதா விளக்கைக் காட்டினால் பல பசைகள் வெளிர்நீலமாக ஒளிர்ந்து இணைப்புக் கோட்டைக் காட்டிக்கொடுக்கும். எல்லாப் பசையும் ஒளிர்வதில்லை என்பதால் லென்ஸையும் கைவிடாதீர்கள். உடைந்த படிகத்தை அதே இடத்தில் ஒட்டி, அதைச் சொல்லி விற்பது குற்றமன்று. இல்லாத பகுதியைப் பிசினால் வார்த்துவிட்டு வாய்மூடி இருப்பதுதான் மோசடி. சிட்ரின் (மஞ்சள் குவார்ட்ஸ்) என்ற பெயரில் வருவதில் பெரும்பகுதி, சூடாக்கப்பட்ட அமெதிஸ்ட் (ஊதா குவார்ட்ஸ்). நுனியில் எரிந்தாற்போன்ற ஆரஞ்சு நிறமும் அடியில் பால்வெண்மையும் அதன் அடையாளங்கள். பளிச்சென்ற நீலத்தில் பெரிதாக விற்கப்படும், சால்கந்தைட் என்ற செப்புக் கனிமப் படிகங்கள், மயில்துத்தக் கரைசலில் வளர்க்கப்பட்டவையாகவே பெரும்பாலும் இருக்கும்.

கேள்வி: 'இனி இது கிடைக்காது' என்ற பேச்சை எந்த அளவுக்கு நம்பலாம்?

பதில்: அந்தக் கல் எந்தச் சுரங்கத்திலிருந்து வந்தது, அந்தச் சுரங்கத்தின் இன்றைய நிலை என்ன என்பதைப் பொறுத்தது அது. நமீபியாவின் சுமேப் சுரங்கம் 1996-இல் மூடப்பட்டது. அங்கிருந்து வந்த டயோப்டேஸ் (பச்சை), அசுரைட் (நீலம்) ஆகிய செப்புக் கனிமங்கள் பெரும்பாலும் பழைய சேகரிப்புகள் கலையும்போதுதான் கைமாறுகின்றன. ஸ்பெயினின் நவாஹுன் பைரைட் கனசதுரங்களோ படிகங்களுக்காகவே தோண்டப்பட்டுச் சந்தைக்கு வருபவை. அவற்றை 'கடைசிச் சரக்கு' என்று சொல்பவரிடம் அவசரப்பட வேண்டியதில்லை. நிலைமை தலைகீழாக மாறுவதும் உண்டு. கால்சியம், வெனேடியம், சிலிக்கேட் ஆகியவற்றின் பெயர்களைச் சேர்த்துக் கவன்சைட் என்று அழைக்கப்படும் நீலக் கனிமம், முதலில் அமெரிக்காவின் ஓரிகனில் 1960களில் கிடைத்தபோது பெரும் அபூர்வமாக இருந்தது. பின்னர் புணே அருகே வாகோலியில் கட்டுமானக் கல்லுக்காக வெட்டப்பட்ட பசால்ட் (எரிமலைக் கரும்பாறை) குவாரிகளில், வெண்ணிற ஸ்டில்பைட் என்ற கனிமத்தின் மீது உருண்டை உருண்டையாக அது வெளிவந்தபிறகு, எளிய சேகரிப்பாளரும் வாங்கக்கூடியதாயிற்று. ஆகவே கல் கிடைத்த இடத்தைக் குறித்து அதனோடு வரும் பழைய துண்டுச் சீட்டைத் தூக்கி எறியாதீர்கள். கிடைத்த இடம் தெரியாத கல்லுக்கு அரிது, அரிதல்ல என்ற பேச்சே எழுவதில்லை.

கேள்வி: செந்நிற ரியல்கர் படிகம் ஒன்று, கண்ணாடி அலமாரியில் வைத்த சில மாதங்களில் மஞ்சள் தூளாக உதிர்கிறது. போலியா?

பதில்: அசலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஒளி பட்டால் ரியல்கர், பாராரியல்கர் என்ற மஞ்சள் கனிமமாக மாறிச் சிதையும். மாறிய பகுதியை மீட்க வழியில்லை. எஞ்சியதை இருட்டுப் பெட்டிக்கு மாற்றுங்கள். அது ஆர்செனிக் சேர்ந்த கனிமம் என்பதால், உதிர்ந்த தூளை ஊதாமல் ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, கையைக் கழுவிக்கொள்ளுங்கள். அடுத்த முறை வாங்கும்போது, கடையில் அது விளக்கின் கீழ் எத்தனை நாள் இருந்தது என்றும் கேளுங்கள்.