பண்டைய இந்து சமூகத்தில் சாதிக்கும் குடும்ப வாழ்க்கைக்கும் என்ன தொடர்பு? சிங்கப்பூரில் பிறந்த எங்களுக்கு இது ஏன் தெரிய வேண்டும்?

போன வருஷம் அக்கா மகளுக்கு வரன் பார்த்தோம். ஈசூனில் அக்கா வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே அம்மா ஃபோனில் பேசினார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லாருக்கும் கேட்டது. மாப்பிள்ளையின் தாயார் பத்து நிமிஷம் அன்பாகப் பேசிவிட்டு, "உங்க குலதெய்வம் எதுங்கம்மா?" என்றார். அம்மாவின் கை நின்றுவிட்டது.

இங்கே யாரும் சாதி என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்வதில்லை. குலதெய்வம், சொந்த ஊர், "நீங்க எந்தப் பக்கம்?" இந்த மூன்றில் ஒன்றைக் கேட்டாலே விவரம் கிடைத்துவிடும். அதுவும் கல்யாணப் பேச்சில்தான் கேட்பார்கள். வேலையிடத்திலோ எம்ஆர்டியிலோ யாரும் என்னிடம் குலதெய்வம் கேட்டதில்லை. உங்கள் கேள்விக்கான பதிலே அதில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

சாதி என்றால் தொழில் பிரிவினை என்றுதான் பலரும் படித்திருப்போம். ரிக் வேதத்தின் 10-ஆம் மண்டலத்தில் 90-ஆவது பாடலான புருஷ சூக்தம், புருஷனின் வாய், தோள், தொடை, பாதத்தோடு நான்கு வருணங்களையும் பொருத்துகிறது. யார் யாரைக் கட்டலாம் என்று அதில் ஒரு வார்த்தைகூடக் கிடையாது. அதைப் பின்னால் வந்த தரும நூல்கள்தான் வகுத்தன. மனு நூல் 8 வகைத் திருமணங்களைச் சொல்லி, மேல் வருணத்து ஆண் கீழ் வருணத்துப் பெண்ணை மணப்பதற்கு ஓரளவு இடம் கொடுக்கிறது. தலைகீழாக நடந்தால் கடும் கண்டனம். சூத்திர ஆணுக்கும் பிராமணப் பெண்ணுக்கும் பிறந்த பிள்ளை சண்டாளன், அவன் ஊருக்கு வெளியேதான் வசிக்க வேண்டும். தாய் ஒருவனை விரும்பியதற்கு ஒரு பாவமும் அறியாத பிள்ளை ஊரைவிட்டுத் தள்ளப்படுகிறது. எத்தனை முறை படித்தாலும் என் வயிறு எரிகிற இடம் இது.

அப்படியானால் பெண்ணைக் காவலில் வைத்தால்தான் சாதி நிற்கும். சிறுவயதில் தகப்பன், பிறகு கணவன், அவனுக்குப் பின் மகன் என்று அவளுக்குக் காவல் போடுகிறது மனு. 30 வயது ஆணுக்கு 12 வயதுப் பெண் என்று கணக்கும் சொல்கிறது. தன் விருப்பம் இன்னதென்று தெரியும் வயது வருவதற்குள் முடித்துவிட வேண்டும். 1916-இல், 25 வயது மாணவராகக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கட்டுரை வாசித்த அம்பேத்கர் இதைத்தான் பிட்டுப் பிட்டு வைத்தார். அகமணம், அதாவது சொந்தச் சாதிக்குள் மட்டுமே மணப்பதுதான் சாதியின் உயிர். உடன்கட்டை, கைம்மைக் கட்டாயம், சிறுமி மணம் மூன்றும் அதைக் காக்க வந்த ஏற்பாடுகள் என்றார். 2013-இல் வெளியான ஒரு மரபணு ஆய்வும் இதற்குப் பக்கத்தில் வருகிறது. சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை இந்தியாவில் மக்கள் பரவலாகக் கலந்திருக்கிறார்கள். அதன் பிறகுதான் அந்தக் கலப்பு அருகி, அவரவர் கூட்டத்துக்குள் மணம் முடிப்பது இறுகியிருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த தகவல் பழைய வடமொழித் தரும நூலான பௌதாயன தரும சூத்திரத்தில் இருக்கிறது. தெற்கத்தியரின் 5 பழக்கங்களை அது தனியாகப் பட்டியல் போடுகிறது: பூணூல் அணியாதவரோடு உண்பது, மனைவியோடு உண்பது, பழைய சோறு உண்பது, மாமன் மகளைக் கட்டுவது, அத்தை மகளைக் கட்டுவது. ஐந்தும் சோறும் கல்யாணமும்தான், கவனித்தீர்களா? இந்த உறவுப் பெண்களை மணப்பதற்கு மனு பரிகாரமே விதிக்கிறது. நாமோ தாயின் தம்பியையும் மாமா என்கிறோம், மாமனாரையும் மாமா என்கிறோம். அத்தை என்றால் அப்பாவின் தங்கை, மாமியாரும் அத்தைதான். நம் மொழியிலேயே அந்த முறை ஊறிக் கிடக்கிறது. ஆனால் இதில் பெருமைப்பட்டுக்கொள்ள என்னால் முடியவில்லை. பெண் கொடுத்துப் பெண் எடுத்து அதே வட்டத்துக்குள் சுற்றினால், வெளியார் நுழைய வழி ஏது?

சங்க காலத்தில் சாதியே இல்லை என்பவர்களோடும் நான் உடன்படவில்லை. அகநானூறு 86-இல் ஒரு கல்யாணம் வருகிறது. மணல் பரப்பிய பந்தல், உளுந்து சேர்த்த களி, விடியற்காலை. பிள்ளை பெற்ற பெண்கள் நால்வர் நீரும் பூவும் நெல்லும் தலையில் சொரிந்து வாழ்த்துகிறார்கள். கூந்தலில் நெல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. புரோகிதரும் இல்லை, தீயும் இல்லை. படிக்கும்போது அந்தப் பந்தலில் போய் நிற்கலாம்போல இருக்கும். ஆனால் அதே காலத்துப் புறநானூற்றில் 'இழிசினன்' (இழிந்தவன்) என்ற சொல்லும் இருக்கிறது. 246-ஆம் பாட்டில் நெய் படாத பிண்டமும் வேளைக்கீரையும் உண்டு, பாயில்லாமல் பரல் கல்மேல் படுக்கும் கைம்பெண் வாழ்க்கை எனக்கு வேண்டாம் என்று கணவனின் சிதைத்தீயைத் தேடிப் போகிறாள் பாண்டிய மன்னன் பூதப்பாண்டியனின் மனைவி. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

இனி எங்கள் வீட்டுக் கதை. பெரியார் 1929-இல் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தார். 1935-இல் கோ. சாரங்கபாணி இங்கே தமிழ் முரசு பத்திரிகையைத் தொடங்கினார். துறைமுகத்தில் வேலை பார்த்த எங்கள் தாத்தா அந்தப் பேச்சுகளிலும் எழுத்துகளிலும் வளர்ந்தவர். பெயருக்குப் பின்னால் இருந்த சாதிப் பட்டத்தைத் தூக்கி எறிந்தார். 1961-இல் வந்த மாதர் சாசனம் ஒருவனுக்கு ஒருத்தி என்பதை முஸ்லிம் அல்லாத எல்லாருக்கும் சட்டமாக்கியபோது தெருவெல்லாம் சொல்லி மகிழ்ந்தாராம். அதே தாத்தா, அம்மாவுக்கு மாப்பிள்ளை பார்க்க ரஜூலா கப்பலேறி நாகப்பட்டினம் போனார். சொந்தச் சாதிக்குள்தான் பார்த்தார். பட்டத்தை விட்டவரால் சம்பந்தத்தை விட முடியவில்லை.

அன்றைக்கு அம்மா ஃபோனில் நிதானமாகத்தான் சொன்னார்: "சாமி பேரைச் சொன்னா உங்களுக்கு எது தெரியணுமோ அது தெரிஞ்சிடும். அதை நேராவே கேளுங்கம்மா." அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. யோசித்துச் சொல்வதாக வைத்துவிட்டார்கள். அப்புறம் அழைக்கவேயில்லை.

கீரையை முழுக்க ஆய்ந்து முடிக்கும்வரை அம்மா வாய் திறக்கவில்லை. பிறகு காம்புகளை ஒன்றாக வாரிக்கொண்டே சொன்னார்: "எனக்குப் பாக்கப் போனப்ப எங்கப்பாவும் இதைத்தான்டி முதல்ல கேட்டிருப்பாரு."