கடைசி மணியும் முதல் பஸ்ஸும்

கேள்வி: தேவகோட்டையிலிருந்து தினமும் காரைக்குடி போய் அழகப்பா பல்கலைக்கழகத்தில் எம்.காம். முதலாண்டு படிக்கிறேன். சின்ன வயதிலிருந்தே கூச்சம் அதிகம். சேர்ந்து மூன்று மாதமாகியும் வகுப்பில் ஒருவரோடும் ஒட்டவில்லை. செமினார் எடுக்கச் சொன்னால் குரல் நடுங்குகிறது. பேசாமல் நின்றுவிட்டு இதே படிப்பைத் தொலைநிலைக் கல்வியில் படித்துவிடலாமா? கூச்சம் போக ஏதாவது பயிற்சி உண்டா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தேவகோட்டை

பதில்: இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். கூச்சம் போக வேண்டிய அவசியமே இல்லை. நீங்கள் படிக்கிற ஊர் மேடைப் பேச்சுக்குப் பேர்போனது. சா. கணேசன் 1939-இல் தொடங்கிய கம்பன் விழா இன்றும் அங்கே நடக்கிறது. ஒருமுறை போய்ப் பாருங்கள். பேசுகிறவர் ஒருவர், வாய் திறக்காமல் கேட்கிறவர்கள் அரங்கம் நிறைய. அவர்கள் இல்லாவிட்டால் பேசுகிறவர் யாரிடம் பேசுவார்? எல்லாரும் கலகலப்பாக இருந்தே தீரவேண்டும் என்று எந்தப் பல்கலைக்கழகச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை.

உங்கள் பிரச்சினை வேறு. நீண்ட கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: ‘கடைசி மணி அடித்ததும் கிளம்பி முதல் பஸ்ஸைப் பிடித்துவிடுவேன்.’ அங்கேதான் சிக்கல்.

கன்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால் 2018-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். புதிதாக ஊர் மாறி வந்தவர்களையும் முதலாண்டு மாணவர்களையும் வைத்துச் செய்தது. முகம் மட்டும் தெரிந்த ஒருவர் சாதாரண நண்பராவதற்குச் சுமார் 50 மணி நேரம் சேர்ந்து இருக்க வேண்டியிருக்கிறது. நல்ல நண்பராக 90, நெருங்கிய நண்பராக 200-க்கும் மேல். இதில் முக்கியமான சங்கதி, கட்டாயத்தின் பேரில் ஒரே இடத்தில் கழிகிற நேரம் அவ்வளவாகக் கணக்கில் சேர்வதில்லை. வகுப்பில் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்த மூன்று மாதத்தை நீங்கள் பெரிதாகச் சொல்கிறீர்கள். வகுப்புக்கு வெளியே எத்தனை மணி நேரம் என்று எண்ணிப் பாருங்கள். பூஜ்யம். மற்ற பிள்ளைகள் உங்களை ஒதுக்கவில்லை. நீங்கள் பஸ்ஸில் ஏறிவிடுகிறீர்கள்.

வாரம் இரண்டு நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் தங்கினால் 50 மணி சேர 25 வாரம் ஆகும். ஏறக்குறைய ஆறு மாதம். அதனால் மூன்றாம் மாதத்தில் ‘எனக்கு யாருமில்லை’ என்று தீர்ப்பு எழுதுவது அவசரம். செட்டிநாட்டு வீட்டுக்குள் யாராவது தெருவிலிருந்து நேராக இரண்டாம் கட்டுக்குப் போவார்களா? முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து, அப்புறம் வளவு என்கிற நடுமுற்றம், அதற்கப்புறம்தானே உள்ளே! நீங்கள் திண்ணையிலேயே உட்காரவில்லை.

சரி, தங்கி என்ன செய்வது? கூச்சக்காரர்களைச் சும்மா கும்பலில் நிற்கச் சொல்வது கொடுமை. கையில் ஒரு வேலை இருக்க வேண்டும். துறையில் கருத்தரங்கம் நடத்துவார்கள். பெயர் பதிவு மேசையில் உட்காருகிறேன் என்று நீங்களே கேட்டு வாங்குங்கள். பேனர் கட்டுவது, நாற்காலி போடுவது, சாப்பாட்டு டோக்கன் கொடுப்பது எதுவானாலும் சரி. ‘அந்த முனையைக் கொஞ்சம் பிடிங்க’ என்பதற்குத் தைரியம் தேவையில்லை. பேச்சு அங்கிருந்து தானாக நகரும். நாட்டு நலப்பணித் திட்ட முகாமும் இதே ரகம்தான். நூலகத்தில் தினமும் ஒரே மேசையில் உட்காருவதுகூடப் பலன் தரும். பார்த்த முகத்தோடுதான் ஜனங்கள் பேசுவார்கள்.

செமினார் விஷயத்துக்கு வருவோம். கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச்சும் அவரது சகாக்களும் செய்து 2000-இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. மாணவர்களுக்கு, போட்டுக்கொள்ளவே வெட்கப்படுகிற மாதிரி ஒரு பாடகர் படம் போட்ட பனியனை மாட்டி, மற்றவர்கள் இருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் ஏறக்குறையப் பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று பனியன் போட்டவர்கள் நினைத்தார்கள். கவனித்தது சுமார் கால்வாசிப் பேர். உங்கள் குரல் நடுக்கத்துக்கும் அதே கணக்குத்தான். கேட்கிற பாதிப் பேர் அடுத்து தங்கள் முறை வருமே என்ற பயத்தில் இருப்பார்கள். முதல் மூன்று வாக்கியங்களை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள், முழுவதையும் அல்ல. முழுவதையும் உருப்போட்டால் ஒரு சொல் விட்டதும் எல்லாம் போய்விடும். முந்தின நாள் காலி வகுப்பில் ஒரே ஒரு தோழியை உட்காரவைத்துச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். அதற்கும் நாலு மணிக்கு மேல் அங்கே இருந்தாக வேண்டும், கவனித்தீர்களா?

தொலைநிலைக் கல்வியை நான் மட்டமாகச் சொல்ல மாட்டேன். வேலைக்குப் போகிறவர்களுக்கும் கைக்குழந்தை வைத்திருக்கிறவர்களுக்கும் அது வரம். உங்களுக்கு அது ஒளிந்துகொள்ளும் இடம். இரண்டு வருடம் வீட்டிலிருந்து பட்டம் வாங்கிவிட்டு, வங்கியிலோ ஆடிட்டர் அலுவலகத்திலோ இதே கூச்சத்தோடு போய் நிற்பீர்கள். அங்கே தப்பு செய்து பழக நேரம் தரமாட்டார்கள். இங்கே தருகிறார்கள்.

ஒன்று மட்டும் பிரித்துப் பாருங்கள். வகுப்பை நினைத்தாலே தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல், நெஞ்சு படபடத்து லீவு போடுகிற அளவுக்கு ஆகியிருந்தால் அது கூச்சம் இல்லை. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416 எண்ணை அழையுங்கள். கட்டணம் கிடையாது, எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

மற்றபடி, ‘இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடணும்’ என்று அப்பா சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். காரைக்குடியிலிருந்து தேவகோட்டைக்கு சாயங்காலத்தில் பஸ்ஸா இல்லை? வாரத்தில் எந்த இரண்டு நாள், எத்தனை மணி பஸ் என்று தாளில் எழுதிக்கொண்டுபோய்க் கேளுங்கள். ஐந்து நாளும் வேண்டும் என்று ஆரம்பிக்காதீர்கள், ஒரு நாள்கூடக் கிடைக்காது.