பிளக் மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா?

கேள்வி: 2016 மாடல் பெட்ரோல் கார், 52,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சர்வீஸுக்கு விட்ட இடத்தில் நாலு ஸ்பார்க் பிளக்கும் மாற்ற வேண்டும், இரிடியம் நுனி வைத்த பிளக் போட்டால் மைலேஜ் லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் கூடும் என்கிறார்கள். எனக்கு ஓட்டுவதில் ஒரு குறையும் தெரியவில்லை. மாற்றலாமா? — திருப்பூர் வாசகர்

பதில்: மாற்றுங்கள், ஆனால் அவர்கள் சொன்ன காரணத்துக்காக அல்ல. காரோடு கொடுத்த கையேட்டின் கடைசிப் பக்கங்களில் பராமரிப்பு அட்டவணை இருக்கும், அதை முதலில் எடுத்துப் பாருங்கள். நம் ஊர்ச் சிறிய பெட்ரோல் கார்களுக்குச் சாதாரண நிக்கல் நுனி பிளக் என்றால் 30,000 அல்லது 40,000 கி.மீ. என்று போட்டிருப்பது சகஜம். இதுவரை ஒருமுறைகூட மாற்றவில்லை என்றால், உங்கள் பிளக் கெடு தாண்டித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. கம்பெனியிலிருந்து வரும்போதே இரிடியமோ பிளாட்டினமோ இருந்திருந்தால் கதை வேறு. அவை 80,000, ஒரு லட்சம் வரைகூட வரும்.

குறை தெரியவில்லை என்கிறீர்கள். தெரியாதுதான். ஒரு சின்னக் கணக்கு: இன்ஜின் சராசரியாக நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றினால் ஒவ்வொரு பிளக்கும் நிமிடத்துக்கு 1,000 முறை பொறி விடுகிறது, மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் 40,000 கி.மீ. ஓட 1,000 மணி நேரம், ஆக ஆறு கோடி பொறி. ஒவ்வொரு பொறியிலும் பிளக்கின் நுனி கண்ணுக்குத் தெரியாத அளவு தேய்கிறது, அப்படித் தேய்ந்து தேய்ந்து, பொறி தாவும் இரு நுனிகளுக்கு நடுவே ஒரு மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடைவெளி ஒன்றே கால், ஒன்றரை என்று போய்விடும். அந்த அகன்ற இடைவெளியைத் தாண்டிப் பொறியை அடிக்க, பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் கூடுதல் வோல்டேஜ் கொடுக்க வேண்டும். காயில் சத்தம் போடாமல் கொடுத்துக்கொண்டே இருக்கும், ஒருநாள் மேட்டில் ஏறும்போது மிஸ்ஸிங் அடிக்கும்போதுதான் நமக்கே தெரியும். அப்போது பிளக் மட்டுமல்ல, காயிலும் போயிருக்கலாம். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போனால் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும் சூடேறிக் கெடும். அதன் விலையைக் கேட்டால் பிளக் விலை டீச்செலவு மாதிரி தெரியும்.

மைலேஜ் விஷயம் சுத்த வியாபாரப் பேச்சு. தேய்ந்த பிளக்கை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டால், இழந்த மைலேஜ் திரும்பி வரலாம், அவ்வளவுதான். நல்ல நிக்கல் இருந்த இடத்தில் நல்ல இரிடியத்தைப் போட்டால் இரண்டு கிலோமீட்டர் எங்கிருந்து வரும்?

அப்புறம், கழற்றிய பிளக் நாலையும் எந்த சிலிண்டருடையது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் காசில் வாங்கிய பொருள், கேட்டால் கொடுத்தாக வேண்டும். கையில் எடுத்துப் பாருங்கள்: நடு நுனி சதுரமாக வெட்டினாற்போல இல்லாமல் மழுங்கி உருண்டிருந்தால் தேய்மானம். பீங்கான் மூக்கு லேசான பழுப்பு நிறத்தில், கிட்டத்தட்ட பிஸ்கட் நிறத்தில் இருந்தால் இன்ஜின் ஆரோக்கியம். காய்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது, ஏர் ஃபில்டரைப் பாருங்கள். எண்ணெய்ப் பசையோடு கறுப்பு என்றால் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ ஆயில் விடுகிறது. அதற்குப் பிளக் மாற்றிப் பிரயோஜனம் இல்லை. வெளுத்துப் போய்க் கொப்புளம் மாதிரி இருந்தால் சூடு தாங்கவில்லை, அதைக் கட்டாயம் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

கேள்வி: சரி, எது வாங்குவது? நிக்கலா, பிளாட்டினமா, இரிடியமா? கடைக்காரர் "காப்பர் பிளக்தான் பெஸ்ட்" என்கிறார். — மதுரை வாசகி

பதில்: அவர் சொல்லும் காப்பர் உள்ளே இருக்கும் கம்பிதான், சூட்டைக் கடத்துவதற்காக. பொறி பாயும் நுனி நிக்கல் கலவை. செம்பு நுனியாக இருந்தால் எப்போதோ கரைந்திருக்கும். நிக்கல் 1,455 டிகிரியில் உருகும், பிளாட்டினம் 1,768, இரிடியம் 2,446. அதனால்தான் இரிடிய நுனியை ஊசி மாதிரி 0.6 மி.மீ., 0.4 மி.மீ. என்று மெல்லிதாக வைக்க முடிகிறது, தேயவும் நாளாகிறது.

என் கட்சி எளிது: கார் எதோடு வந்ததோ அதையே போடுங்கள். நிக்கலோடு வந்த காருக்கு நிக்கல் போதும். ஒரு பிளக் 150 ரூபாய் என்று வைத்தால் நாலுக்கு 600, 40,000 கி.மீ. வரும். இரிடியம் 700 என்றால் 2,800, ஒரு லட்சம் வரும். (விலை கடைக்குக் கடை மாறும், இது கணக்குக்காக.) லட்சம் கிலோமீட்டருக்கு நிக்கல் சுமார் 1,500 ரூபாயில் முடிகிறது. பிளக்கை எட்டவே இன்ஜினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மானிஃபோல்டைக் கழற்ற வேண்டிய கார்களில் மட்டும் கூலிக்காகவே இரிடியம் லாபம். ஆனால் டர்போ பெட்ரோல் போன்ற, இரிடியத்தோடு வந்த காருக்குச் சிக்கனம் பார்த்து நிக்கல் போடாதீர்கள். பழைய ஹோண்டா சிட்டி ஐ-டிஎஸ்ஐ வைத்திருப்பவர்களுக்கு ஒரு நினைவூட்டல்: சிலிண்டருக்கு இரண்டு, மொத்தம் எட்டு பிளக், பட்ஜெட்டை அப்படிப் போடுங்கள்.

கேள்வி: என் காருக்கான பிளக் நம்பர் ஸ்டாக் இல்லை, "இதுவும் உட்காரும்" என்று வேறு நம்பர் கொடுக்கிறார்கள். — நாகர்கோவில் வாசகர்

பதில்: உட்காரும், அதுதான் ஆபத்தே. என்ஜிகே கம்பெனியின் பிகேஆர்6இ-11 என்ற நம்பரைப் பாருங்கள். பி என்பது 14 மி.மீ. மரை, கே என்பது 16 மி.மீ. சாக்கெட், ஆர் என்றால் ரெசிஸ்டர் உண்டு (இல்லையென்றால் ரேடியோவில் கரகரப்பு, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவுக்கும் தொந்தரவு), 6 வெப்ப எண் (பிளக் தன் சூட்டை எவ்வளவு வேகமாக வெளியேற்றும் என்பதைக் காட்டுவது), இ என்பது மரையின் நீளம் 19 மி.மீ., 11 என்பது 1.1 மி.மீ. இடைவெளி. இதில் நீளம் கூடினால் பிஸ்டனில் இடிக்கும். வெப்ப எண் தவறினால் கரி பிடிக்கும் அல்லது சூடு மிஞ்சும். வேடிக்கை என்னவென்றால், என்ஜிகேயில் எண் கூடக்கூட 'குளிர்ந்த' (சூட்டைச் சீக்கிரம் வெளியேற்றும்) பிளக், பாஷ் கம்பெனியில் எண் கூடக்கூட 'சூடான' பிளக். ஆகவே எண்ணை மட்டும் பார்த்து ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக் கூடாது, மாற்று அட்டவணையைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். நாலு நாள் காத்திருந்து சரியான நம்பரையே வாங்குங்கள்.

கேள்வி: ஆன்லைனில் இரிடியம் பாதி விலைக்குக் கிடைக்கிறதே? — சென்னை வாசகர்

பதில்: பாதி விலை என்றாலே எனக்கு உதறல். ஒருமுறை நானே ஏமாந்தேன், ஒரு கடையில், பெட்டி அச்சு அசலாக இருந்தது. வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடியில் பார்த்தால், இரிடியம் ஒட்டப்பட்ட பற்றவைப்பு வளையமே இல்லை, சாதா நுனியை அரம் போட்டு மெலிய வைத்திருந்தார்கள். வாஷரும் விரலால் இழுத்தால் கழன்று வந்தது. நல்ல பிளக்கில் அது சுழலும், கழலாது. மரையைத் தடவிப் பாருங்கள், சொரசொரப்பாக இருந்தால் திருப்பிக் கொடுங்கள். பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

கேள்வி: நானே மாற்றலாமா? — புதுச்சேரி வாசகர்

பதில்: தாராளமாக, இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு. முதலில் குழியில் இருக்கும் தூசியைக் காற்றடித்து வெளியேற்றுங்கள். புதியதை ஸ்பேனரால் ஆரம்பிக்காதீர்கள். பிளக் தலையில் ஒரு துண்டு பெட்ரோல் ட்யூபை மாட்டிக் கையால் சுற்றுங்கள், மரை கோணலாக ஏறினால் ட்யூப் வழுக்கிக் காட்டிக்கொடுக்கும். 14 மி.மீ. வாஷர் பிளக் என்றால் கையால் இறுகிய பிறகு அரைச் சுற்றுக்குக் கொஞ்சம் கூட, போதும். மற்ற அளவுகளுக்குப் பெட்டியிலேயே படம் போட்டிருக்கும். பிளக் உட்காரும் சிலிண்டர் ஹெட் அலுமினியம், பலத்தைக் காட்டினால் மரை போய் லேத் பட்டறைக்கு அலைய வேண்டும். இரிடியத்தின் இடைவெளியை நாணயம் மாதிரி இருக்கும் கேஜால் நெம்பாதீர்கள், நுனி முறிந்துவிடும்.

கேள்வி: எனது டீசல் கார். பில்லில் "ஸ்பார்க் பிளக் – 4" என்று இருக்கிறது. — சேலம் வாசகர்

பதில்: டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. க்ளோ பிளக் என்று உண்டு, அது குளிர்காலத்தில் ஸ்டார்ட் ஆக உதவும் சூடேற்றி. அதைத்தான் தவறாக எழுதினார்களா என்று கேளுங்கள், கழற்றியதைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகாரைப் பதியுங்கள், பில்லை மட்டும் தொலைத்துவிடாதீர்கள்.